ஒரே வியூ, பல ஃபார்மட்: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சாயந்திர நேரத்தில் வெப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் இங்கே வீட்டில் உட்கார்ந்தே வெளியூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள். ஜாங்கோ, ரெயில்ஸ், பிளாஸ்க், லாரவெல் என்று வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க் எதுவாக இருந்தாலும் சந்தேகம் மட்டும் ஒன்றாகத்தான் வருகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்து எழுதி வைத்துவிட்டேன்.

உதாரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ஆத்தங்குடியில் ஒரு டைல் பட்டறையின் ஆர்டர் பட்டியல். ஆத்தங்குடி டைலைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டுக் காயவைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் 'ஊத்தியாச்சு', 'தொட்டியில்', 'காயுது', 'லோடு ஏத்தியாச்சு' என்று ஒரு நிலை உண்டு. இந்தப் பட்டியலை முதலாளி பிரவுசரில் பார்க்கிறார், மதுரைக் கடைக்காரர் மொபைல் ஆப்பில் பார்க்கிறார், கணக்குப்பிள்ளைக்கு எக்செலில் வேண்டும்.

அண்ணே, ஒரே வியூல எச்டிஎம்எல்லும் ஜேசனும் குடுக்குறதுன்னா என்ன? எதுக்கு அப்படிப் பண்ணணும்?

வியூ என்பது சர்வருக்கு வரும் ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் தயாரிக்கும் கோடு. மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே பட்டியல். டேட்டாபேஸில் தேடுவது, யார் பார்க்கலாம் என்று சரிபார்ப்பது, தேதி வாரியாக வரிசைப்படுத்துவது எல்லாம் ஒரே வேலை. கடைசிப் படியில் மட்டும் முதலாளிக்கு எச்டிஎம்எல் பக்கம், ஆப்புக்கு ப்ரோகிராம் படிக்கும் ஜேசன், கணக்குப்பிள்ளைக்கு எக்செலில் திறக்கும் சிஎஸ்வி என்று வடிவம் மாறுகிறது. அந்தக் கடைசிப் படியை மட்டும் கிளை பிரித்தால் போதும்.

மூன்று வியூ எழுதினால் என்ன ஆகும்? ரத்தான ஆர்டரைக் காட்டக் கூடாது என்று பக்கத்தில் திருத்துவீர்கள், சிஎஸ்வியில் திருத்த மறந்துபோகும். மாசக் கடைசியில் முதலாளி சொல்கிற எண்ணும் கணக்குப்பிள்ளை சொல்கிற எண்ணும் ஒத்துப்போகாது.

யாருக்கு எது வேணும்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?

மூன்று வழி உண்டு. ரிக்வெஸ்டோடு வரும் குறிப்பு வரிகளில் (ஹெடர்) ஒன்றான அக்செப்ட் ஹெடர் முதலாவது. முகவரியின் கடைசியில் 'புள்ளி ஜேசன்' மாதிரி ஒட்டு போடுவது இன்னொன்று. முகவரியில் கேள்விக்குறி போட்டு 'ஃபார்மட் = சிஎஸ்வி' என்று கேட்பது மூன்றாவது. முதல் வழியைத்தான் எச்டிடிபி விதிப்படி கன்டென்ட் நெகோஷியேஷன் என்கிறோம். 2022-ல் வந்த ஆர்எஃப்சி 9110 என்கிற இணைய விதி ஆவணத்தில் அதன் விதிகள் இருக்கின்றன.

என் கட்சி இது: ப்ரோகிராம் கேட்டால் ஹெடர், மனுஷன் கேட்டால் முகவரி. கணக்குப்பிள்ளைக்கு வாட்ஸப்பில் லிங்க் அனுப்புகிறீர்கள், அதில் ஹெடரை எப்படி ஒட்டுவீர்கள்? 'சிஎஸ்வி இறக்கு' பட்டனும் வெறும் லிங்க்தானே. அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முரண்பட்டால் முகவரியில் இருப்பதே செல்லும் என்று வையுங்கள். ரெயில்ஸ் அப்படித்தான் செய்கிறது.

அக்செப்ட்டும் கன்டென்ட்-டைப்பும் ஒண்ணுதானே சார்?

இல்லை. கன்டென்ட்-டைப் என்பது 'நான் அனுப்புவது இன்ன வடிவம்'. அக்செப்ட் என்பது 'எனக்கு இன்ன வடிவத்தில் கொடு'. ஃபார்மை நிரப்பி அனுப்பிவிட்டு ஜேசனில் பதில் கேட்கலாம், தப்பில்லை. எதையும் அனுப்பாமல் பதிலை மட்டும் கேட்கும் கெட் ரிக்வெஸ்டுக்குக் கன்டென்ட்-டைப்பை ஜேசன் என்று போட்டுவிட்டு 'ஏன் ஜேசன் வரவில்லை' என்று கேட்கிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

ஜாங்கோல அக்செப்ட்ஸ் வச்சு ஜேசன் வேணுமான்னு செக் பண்ணினேன். இப்ப பிரவுசர்லயும் ஜேசன்தான் வருது. என்ன கூத்து இது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதிகம் பேர் விழுகிற குழி இதுதான்.

நீங்கள் முகவரியைத் தட்டும்போது பிரவுசர் அனுப்பும் அக்செப்ட் ஹெடர் ஒரு நீளமான வரி. எச்டிஎம்எல் முதலில், எக்ஸ்எச்டிஎம்எல் அடுத்து, எக்ஸ்எம்எல் 0.9, படங்கள் சில, கடைசியில் 'எதுவானாலும் சரி' என்கிற நட்சத்திரக் குறி 0.8. இந்த எண்கள்தான் விருப்ப அளவு: 0 முதல் 1 வரை, எண் இல்லாவிட்டால் 1 என்று கொள்ள வேண்டும், 0 என்றால் வேண்டவே வேண்டாம். ஆக பிரவுசர் சொல்வது: 'எச்டிஎம்எல் இருந்தால் அதைக் கொடு, இல்லையென்றால் இருப்பதைக் கொடு.'

ஜாங்கோ 3.1-ல் (2020) வந்த 'அக்செப்ட்ஸ்' அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. 'ஜேசனை ஏற்பாயா?' என்று மட்டும் கேட்கிறது. நட்சத்திரக் குறி இருப்பதால் பிரவுசரின் பதில் 'ஏற்பேன்'. உங்கள் இஃப் வரியில் ஜேசன் முதலில் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. மாற்றிப் போடுங்கள்: முதலில் எச்டிஎம்எல்லை ஏற்பாயா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஜேசன். 2025-ல் வந்த ஜாங்கோ 5.2-க்கு மாறிவிட்டால் 'கெட் ப்ரிஃபர்டு டைப்' இருக்கிறது. உங்களிடம் உள்ள வடிவங்களைப் பட்டியலாகக் கொடுத்தால் விருப்ப அளவைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொடுக்கும். பிளாஸ்க்கில் 'பெஸ்ட் மேட்ச்' செய்வதும் அதையே. ரெயில்ஸ் வேறு மாதிரி: பல வடிவங்களோடு நட்சத்திரக் குறியும் கலந்து வந்தால் 'இது பிரவுசர்' என்று முடிவுகட்டி, ஹெடரைப் பொருட்படுத்தாமல் எச்டிஎம்எல் கொடுத்துவிடும். விதிப்படி பார்த்தால் குறுக்குவழிதான். ஆனால் பழைய பிரவுசர்கள் சில எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல்லுக்கு முன்னால் வைத்து அனுப்பிய காலத்தில் அந்தக் குறுக்குவழிதான் கைகொடுத்தது.

கர்ல்ல அடிச்சா எச்டிஎம்எல் வருது. நான் ஜேசன் வரும்னுல்ல நினைச்சேன்?

கர்ல் என்கிற கமாண்ட் லைன் கருவி அனுப்புவது நட்சத்திரக் குறி மட்டும்தான். பக்கத்துக்குள்ளிருந்தே சர்வரைக் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச்சும், நீங்கள் ஹெடர் எதுவும் போடாவிட்டால், அப்படியே. 'எதுவானாலும் சரி' என்று சொன்னவருக்கு எதைக் கொடுப்பது என்பது சர்வரின் இஷ்டம். ரெயில்ஸில் நீங்கள் முதலில் எழுதிய வடிவம் போகும், ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் (ஜேசன் பதில்கள் எழுத உதவும் ஜாங்கோ நூலகம்) ரெண்டரர் பட்டியலில், அதாவது பதிலை வடிவமாக்கும் பகுதிகளின் பட்டியலில், முதலில் இருப்பது போகும். போன பதிலில் எச்டிஎம்எல்லை முன்னால் வைக்கச் சொன்னேன் இல்லையா, அதன் விளைவுதான் இது. ஜேசன் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்: ஆப்பில், டெஸ்ட்டில், எல்லா இடத்திலும் அக்செப்ட்டை எழுதுங்கள்.

அஜாக்ஸ் ரிக்வெஸ்டான்னு பாத்து ஜேசன் குடுத்தா போதாதா? நெட்ல பழைய கோடெல்லாம் அப்படித்தான் இருக்கு.

அஜாக்ஸ் என்பது பக்கத்தை மாற்றாமல் ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் ரிக்வெஸ்ட். அந்தக் கோடு பார்ப்பது 'எக்ஸ்-ரிக்வெஸ்டட்-வித்' என்கிற ஹெடரை. ஜேக்வெரி அதைத் தானாக அனுப்பும், ஃபெட்ச் அனுப்பாது. ஜாங்கோ அந்த 'ஈஸ் அஜாக்ஸ்' வசதியை 3.1-ல் கைவிடப்போவதாகச் சொல்லி 4.0-ல் எடுத்தே விட்டது. லாரவெலில் 'எக்ஸ்பெக்ட்ஸ் ஜேசன்' இன்னும் அதையும் சேர்த்துப் பார்க்கிறது, 'வான்ட்ஸ் ஜேசன்' அக்செப்ட்டை மட்டும் பார்க்கிறது. புதிதாக எழுதுபவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிக்வெஸ்ட் எப்படி வந்தது என்பது வேறு, என்ன கேட்டது என்பது வேறு.

நம்மகிட்ட இல்லாத ஃபார்மட்டைக் கேட்டா என்ன பண்றது?

'நீ ஏற்கும் வடிவம் என்னிடம் இல்லை' என்கிற 406 எண்ணைக் கொடுக்கலாம், அல்லது கேட்டதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைக் கொடுக்கலாம். இரண்டையும் விதி அனுமதிக்கிறது. மனுஷன் பார்க்கும் முகவரியில் 406 காட்டுவது வீம்பு. ஆப் பேசும் முகவரியில் 406-தான் நல்லது, தப்பு உடனே தெரியும். அனுப்பிய வடிவம் நமக்குப் புரியவில்லை என்றால் அது 415. குழப்பம் வந்தால் மூன்றாவது கேள்வியைத் திரும்பப் பாருங்கள்.

தமிழ்ப் பேரெல்லாம் ஜேசன்ல சாய்கோடும் நம்பருமா வருது. டேட்டா கெட்டுப்போச்சா?

கெடவில்லை. பைத்தானின் ஜேசன் நூலகம் சொல்லாமல் விட்டால் ஆங்கில எழுத்தைத் தாண்டியதையெல்லாம் யூனிகோடு எண்ணாக மாற்றி எழுதும். 'ஆத்தங்குடி'யின் 'ஆ' 0பி86 என்று போகும். ஆப் அதைப் படித்ததும் 'ஆ'தான் தெரியும். கண்ணால் பார்க்கவும் அளவு குறையவும் 'என்ஷூர் ஆஸ்கி' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஜாங்கோவின் ஜேசன்ரெஸ்பான்ஸில் அதற்கு வழி இருக்கிறது, ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் ஏற்கெனவே அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை சிஎஸ்வியை எக்செல்ல திறந்தா தமிழ் குப்பையா வருதாம். நோட்பேட்ல நல்லாத்தானே இருக்கு?

விண்டோஸ் எக்செலில் சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்தால் அது யுடிஎஃப்-8 என்று தானாக நினைக்காது. கோப்பின் தலையில் பிஓஎம் என்கிற மூன்று பைட் அடையாளம் இருந்தால் நினைக்கும். பைத்தானில் 'யுடிஎஃப்-8-சிக்' என்று என்கோடிங் கொடுத்தால் அது சேர்ந்துவிடும். இதை சிஎஸ்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கில் அனுப்பும் ஜேசனின் தலையில் பிஓஎம் வைக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 8259 தெளிவாகத் தடுக்கிறது.

சிஎஸ்வியில் இன்னொரு பொல்லாப்பும் உண்டு. வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் யாராவது சமக்குறியில் தொடங்கி எதையாவது எழுதிவைத்தால் எக்செல் அதை ஃபார்முலாவாக ஓட்டப் பார்க்கும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி இவற்றில் தொடங்கும் எழுத்துக் கட்டங்களின் முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அனுப்புங்கள். பக்கத்தில் எச்டிஎம்எல் எஸ்கேப் ஆவதால் இந்த ஆபத்து தெரியாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதனதன் எஸ்கேப் வேண்டும்.

ஆர்டர் பக்கத்துல இருந்து வேற பக்கம் போயிட்டு பேக் பட்டன் அடிச்சா, பக்கத்துக்குப் பதிலா ஜேசன் தெரியுது. நான் ஒண்ணும் மாத்தலியே!

ஒரே முகவரிக்கு இரண்டு பதில் இருப்பது, வந்த பதிலைச் சேமித்துவைக்கும் பிரவுசரின் கேஷுக்குத் தெரியாது. பக்கம் வந்தது, பிறகு அதே முகவரியில் ஃபெட்ச் போய் ஜேசன் வந்தது, கேஷ் பழையதன் மேல் புதியதை வைத்தது. பேக் அடித்ததும் கையில் இருப்பதைக் காட்டுகிறது.

மருந்து: ரெஸ்பான்ஸில் 'வேரி: அக்செப்ட்' என்று ஒரு ஹெடர். 'இந்தப் பதில் அக்செப்ட்டைப் பொறுத்து மாறும்' என்று கேஷுக்குச் சொல்வது அது. ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கில் ஒன்றுக்கு மேல் ரெண்டரர் இருந்தால் தானாக வரும். சாதா ஜாங்கோ வியூவில் 'வேரி ஆன் ஹெடர்ஸ்' என்கிற டெகரேட்டரை நீங்கள்தான் போட வேண்டும். எச்டிஎம்எல் பதிலிலும் அது இருக்க வேண்டும், ஜேசனில் மட்டும் போட்டால் பாதி வேலைதான்.

சர்வருக்கு முன்னால் நின்று பதிலைச் சேமித்துக் கொடுக்கும் சிடிஎன் வைத்திருந்தால் ஜாக்கிரதை. சில சிடிஎன்கள் வேரியில் சுருக்க முறையைத் தவிர மற்றதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே வேறு வேறு முகவரி கொடுப்பதே நிம்மதி.

'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்'னு எர்ரர் வருது. காலைல நல்லா ஓடிச்சு, மத்தியானம் வருது.

லாகின் காலாவதியாகிவிட்டது. வியூ வழக்கம்போல 302 கொடுத்து லாகின் பக்கத்துக்கு அனுப்பியது, ஃபெட்ச் சத்தமில்லாமல் பின்னாடியே போனது, 200-ஓடு லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் வந்தது. ஜேசன் என்று நினைத்துப் பிரிக்கப் போனால் முதல் எழுத்தே எச்டிஎம்எல்லின் '<' குறி. அதுதான் அந்த எர்ரர்.

நல்ல பதிலை மட்டும் இரண்டு வடிவத்தில் எழுதிவிட்டு, கெட்ட பதிலை எச்டிஎம்எல்லிலேயே விட்டுவிடுகிறோம். 401, 403, 404, 500 எல்லாமே கேட்டவர் கேட்ட வடிவத்தில் போக வேண்டும். பிரவுசருக்கு லாகின் பக்கம், ஆப்புக்கு 401. எல்லா 500-ஐயும் வியூவுக்குள் பிடிக்க முடியாது, ஃபிரேம்வொர்க்கின் எர்ரர் ஹேண்ட்லரில் இதே தேர்வை வைக்க வேண்டும்.

டெம்ப்ளேட்ல காட்டாத விஷயம் ஜேசன்ல போய்டுச்சு. எப்படித் தடுக்குறது?

எச்டிஎம்எல் பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டில் நீங்கள் எழுதியது மட்டும் தெரியும். ஜேசனில் ஆப்ஜெக்டை முழுதாகக் கொட்டினால் டேபிளில் இருக்கும் அத்தனையும் போகும். மதுரைக் கடைக்காரருக்கு ஆர்டரின் நிலையும் எண்ணிக்கையும் போதும். அதோடு கூலி விவரமும், வேறு கடைக்குக் கொடுத்த விலையும், டைல் கேட்ட வீட்டுக்காரர் போன் நம்பரும் சேர்ந்து போனால் பட்டறையில் சண்டைதான். ஆப்பின் திரையில் தெரியாவிட்டாலும், வருவதைப் பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார்.

'எல்லா ஃபீல்டும்' என்று சீரியலைசரில் (ஆப்ஜெக்டை ஜேசனுக்குத் தயார் செய்யும் பகுதி) எழுதாதீர்கள். போக வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அந்தப் பட்டியலை வியூவிலேயே ஒரு தடவை செய்து, டெம்ப்ளேட்டுக்கும் ஜேசனுக்கும் சிஎஸ்விக்கும் அதையே கொடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துல இருபது இருபதா காட்டுறேன், சிஎஸ்வில முழுசும் வேணுமாம். பிடிஎஃப் வேற கேக்குறாங்க. அப்பவும் ஒரே வியூவா?

சிஎஸ்விக்கு ஆம். வடிகட்டுவதும் அனுமதியும் ஒன்றே, பக்கம் வெட்டுவது மட்டும் வடிவத்தைப் பொறுத்தது. நிறைய வரிகள் என்றால் மொத்தமாக மெமரியில் கட்டாமல் ஸ்ட்ரீம் செய்யுங்கள். ஜேசனுக்கு மட்டும் பக்கம் வெட்டுவதை எடுத்துவிடாதீர்கள், போனில் பட்டியல் மூச்சு வாங்கும்.

பிடிஎஃப் என்றால் நான் பிரித்துவிடுவேன். அதைச் செய்ய நேரமாகும், ரிக்வெஸ்ட் காத்துக்கொண்டு நிற்கும். பின்னணி வேலையாகப் போட்டு, முடிந்ததும் லிங்க் கொடுங்கள். தமிழ் பிடிஎஃப்பில் 'கொ', 'தே' மாதிரி எழுத்துகளில் கொம்பு சரியாக உட்கார்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எழுத்தை வடிவமைக்கத் தெரியாத நூலகத்தில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வீஸிபிரின்ட் உள்ளே பாங்கோவைப் பயன்படுத்துவதால் சரியாக வருகிறது.

போஸ்ட்டுக்கும் இதே மாதிரி பண்ணலாமா? புது ஆர்டர் போடுறதுக்கு?

பண்ணலாம், ஆனால் இங்கே வடிவத்தோடு நடத்தையும் மாறுகிறது. பிரவுசரிலிருந்து ஆர்டர் போட்டால் ரீடைரக்ட் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ரிஃப்ரெஷ் செய்ததும் அதே ஆர்டர் இன்னொரு தடவை விழும். ஆப்புக்கு 201-ம், புது ஆர்டரின் முகவரி லொகேஷன் ஹெடரிலும் போதும். தப்பாக நிரப்பினால் பிரவுசருக்கு அதே ஃபார்ம் சிவப்பு எழுத்தோடு, ஆப்புக்கு 400-ம் எந்த ஃபீல்டு தப்பு என்ற விவரமும்.

வேறு தளம் உங்கள் பயனர் பெயரில் திருட்டுத்தனமாக ஃபார்ம் அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் சோதனை தொந்தரவு செய்கிறது என்று அந்தச் சோதனையை முழு வியூவுக்கும் அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் பிரவுசர் வழியும் திறந்துவிடும். குக்கியில் லாகின் ஆனவருக்குச் சோதனை வேண்டும், டோக்கனோடு வரும் ஆப்புக்கு வேண்டாம். வடிவத்தைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். அக்செப்ட்டை யார் வேண்டுமானாலும் எப்படியும் எழுதி அனுப்பலாம்.

எச்டிஎம்எக்ஸ் போட்டிருக்கேன். முழுப் பக்கமும் எச்டிஎம்எல், துண்டும் எச்டிஎம்எல். அக்செப்ட் வச்சு எப்படிப் பிரிக்கிறது?

பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே வடிவம்தான். எச்டிஎம்எக்ஸ் என்பது பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் சர்வரிலிருந்து வாங்கி மாற்றும் நூலகம். அது அனுப்பும் 'எச்எக்ஸ்-ரிக்வெஸ்ட்' ஹெடரைப் பாருங்கள்: இருந்தால் பட்டியல் துண்டு, இல்லாவிட்டால் முழுப் பக்கம். பேக் பட்டன் கேள்வியில் சொன்ன வியாதி இங்கேயும் வரும், தலையும் வாலும் இல்லாத வெறும் பட்டியல் திரையில் நிற்கும். வேரியில் அக்செப்ட்டோடு இந்த ஹெடர் பெயரையும் சேருங்கள்.

சரிண்ணே, கடைசியா ஒண்ணு. எப்பத்தான் வியூவைப் பிரிக்கணும்?

வியூவுக்குள் 'ஜேசன் என்றால் இந்த ஆர்டர்களை மட்டும் எடு' என்று டேட்டாபேஸ் தேடலையே கிளை பிரிக்கிறீர்களா? பிரித்துவிடுங்கள், அது இரண்டு வியூதான். அனுமதி வேறு வேறு என்றாலும் அப்படியே.

இன்னொரு சமயமும் உண்டு. பக்கத்தை முதலாளி சொன்னதும் இன்றைக்கே மாற்றலாம். மதுரைக் கடைக்காரர் போனில் இருக்கும் ஆப்பை அவர் எப்போது அப்டேட் செய்வார் என்று யாருக்கும் தெரியாது. 'நிலை' என்கிற ஃபீல்டின் பெயரை நீங்கள் மாற்றினால் அவர் திரை வெறுமையாகும். வெளி ஆட்கள் நம்பியிருக்கும் ஜேசனுக்குத் தனி முகவரியும் பதிப்பு எண்ணும் கொடுத்து நிறுத்திவையுங்கள். தேடலையும் அனுமதியையும் ஒரு பொது ஃபங்ஷனில் வைத்து இரண்டு வியூவும் அதையே கூப்பிடட்டும். சொந்தப் பக்கத்தின் ஃபெட்ச்சுக்கு மட்டும் ஜேசன் என்றால் இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம், ஒரே வியூவிலேயே இருக்கட்டும்.